வீச்சரிவாளைக் கீழே வையுங்கள், தெருமுனையை விட்டு நகராதீர்கள்

தோழர்களே,

இரவு ஒரு மணிக்கு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். விடிவதற்குள் இது எல்லாக் கிளைகளுக்கும் போய்ச் சேர வேண்டும். கையில் கிடைத்தவர் கிடைத்த இடத்திலேயே நின்று மற்றவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். பிள்ளைகளைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்துப் படியுங்கள். முக்கியமாக அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நேற்று முன்தினம் சாயங்காலம் நம் வாலிபர் சங்கத் தம்பி ஒருவனைப் பேருந்து நிறுத்தத்தில் வைத்து வெட்டினார்கள். தோளில் ஒரு வெட்டு, தடுத்த கையில் இரண்டு. பிழைத்துக்கொண்டான். இரண்டு விரல்கள் இனி மடங்காது என்கிறார்கள். அவன் செய்தது இவ்வளவுதான்: ஊர் எதிர்த்த ஒரு காதல் திருமணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆறு பிள்ளைகள் நின்றார்கள். வெட்டுப்பட்டவனை மடியில் போட்டுத் தூக்கி வந்தவனுடைய சட்டை முழுக்க ரத்தம் காய்ந்து பலகை மாதிரி விறைத்துக் கிடந்தது. அவன்தான் என்னிடம் சொன்னான்: "பெரியப்பா, அவனுங்கள்ல ஒருத்தனாவது விழணும். இல்லன்னா நாளைக்கு நாங்க ரோட்டுல நடக்க முடியாது." வெளியே அவர்கள் வண்டியில் ஒரு சாக்கு மடித்துச் செருகியிருந்தது. பிரித்துப் பார்த்தேன். இரண்டு வீச்சரிவாள். புதுசு. பிடியில் சைக்கிள் டியூப் இறுக்கிச் சுற்றியிருந்தது, கை வழுக்காமல் இருக்க.

அந்தப் பிள்ளையை நான் திட்டவில்லை. அவன் வயதில் எனக்கும் அதே சூடு இருந்தது. ஆனால் அவன் சொன்ன ஒரு வார்த்தை இரண்டு நாளாக என்னைத் தூங்க விடவில்லை. "அவனுங்கள்ல ஒருத்தன்." வெட்டியவன் என்று அவன் சொல்லவில்லை. வெட்டச் சொன்னவன் என்றும் சொல்லவில்லை. அவர்களில் யாரோ ஒருவன். அந்தத் தெருவில் பிறந்த யாராக இருந்தாலும் போதும் அவனுக்கு.

தோழர்களே, சாதி என்பது இதைத் தவிர வேறென்ன?

அகிம்சை போதிக்க நான் வரவில்லை. சாட்டையடி வாங்கியவன் பிள்ளை நான். சாணிப்பால், சவுக்கடி என்று இன்றைக்கு மேடையில் சொல்கிறோம், கேட்கிறவர்களுக்கு அது ஒரு சொற்றொடர். என் அப்பாவுக்கு அது முதுகு. மாட்டுச் சாணியைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றுவார்கள். வேலைக்கு வர நேரமானால் ஊற்றுவார்கள், எதிர்த்துப் பேசினால் ஊற்றுவார்கள். கீழத்தஞ்சையின் பண்ணைகளில் அது வழக்கமான தண்டனை. கன்னடம் தாய்மொழியான பி. சீனிவாசராவ் 1940களில் இந்த மண்ணுக்கு வந்து, தமிழ் கற்று, சேரிக் குடிசைகளில் படுத்து எழுந்து சங்கம் கட்டினார். 'அடித்தால் திருப்பி அடி' என்று சொல்லிக்கொடுத்தார். தலைமுறை தலைமுறையாகக் குனிந்தே பழகிய முதுகுகள் அந்த மூன்று சொற்களில்தான் நிமிர்ந்தன. அதைத் தப்பு என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கோழைத்தனமா வன்முறையா என்ற இரண்டே வழிதான் இருக்கிறது என்றால் வன்முறையைத்தான் சொல்வேன் என்று 1920இல் காந்தியே எழுதினார்.

அப்பா கதையை உங்களில் சிலர் கேட்டிருப்பீர்கள். சங்கம் வந்த புதிதில் ஒரு நாள் வரப்பில் வைத்துப் பண்ணைக் காரியக்காரர் சாட்டையை ஓங்கினார். அப்பா அதன் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வழிந்தது. விடவில்லை. இழுத்துப் பார்த்தார் காரியக்காரர். சுற்றி நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள், ஒவ்வொருவராகக் கரையேறி அப்பாவுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். காரியக்காரர் பிடியை விட்டுவிட்டார். இப்போது சாட்டை அப்பா கையில். அந்த ஆள் எதிரே, வெறுங்கையோடு. சங்கத்துப் பெரியவர் ஒருவர் கரையிலிருந்து, "போதும், தூக்கிப் போடுடா" என்றார். அப்பா அதை வாய்க்காலில் வீசிவிட்டுச் சேற்றில் இறங்கி மறுபடி நாற்றுமுடியை எடுத்தார்.

சாகும் காலத்தில் அப்பா என்னிடம் சொன்னார்: "அன்னிக்கு ஒண்ணு வச்சிருக்கலாம்னு இப்பவும் தோணும்டா." அதையும் மறைக்காமல் உங்களுக்குச் சொல்கிறேன். அடிக்காமல் விட்டதால் அவர் மனசு குளிர்ந்துவிடவில்லை. அந்த ஆசை கடைசி வரை அவரோடு இருந்தது. ஆனால் பிடித்த கையும் வீசிய கையும் ஒரே கைதான். அந்தக் கையிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது.

'அடித்தால் திருப்பி அடி' என்பதில் 'அடித்தால்' என்று ஒரு சொல் இருக்கிறது, பிள்ளைகளே. அதை விழுங்கிவிட்டு மீதியை மட்டும் கோஷமாக்காதீர்கள். ஓங்கிய கையைத் தடு. உன் மேல் ஓங்கினாலும் தடு, உன் பக்கத்தில் நிற்பவள் மேல் ஓங்கினாலும் தடு. தடுக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு அடி. கை இறங்கிய பிறகு உன் கையும் இறங்க வேண்டும். இது வெறும் நியாயம் மட்டுமில்லை, நாட்டின் சட்டமும் இதுதான். தன் உடலையும் பிறர் உடலையும் காக்கும் தற்காப்பு உரிமை பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் இருந்தது. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை இருக்கிறது. உயிர் போகும் அளவுக்குத் தாக்க வருகிறான் என்று நியாயமாக அஞ்சும் நிலையில், தடுக்கும்போது தாக்கியவன் உயிரே போனாலும் அது குற்றமில்லை என்கிறது சட்டம். தேவைக்கு மேல் ஒரு அடி கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. நம் கிளைக் கூட்டங்களில் இதை எத்தனை முறை வாசித்துக் காட்டியிருக்கிறோம்? ஒருமுறைகூட இல்லை. இது நம் தவறு. என் தவறும்தான்.

அன்றைக்குப் பேருந்து நிறுத்தத்தில் நம் தம்பியைச் சுற்றி இருபது பேர் நின்றார்கள். ஒருவராவது கட்டையை எடுத்து அந்த அரிவாள் கையில் போட்டிருந்தால், அதன் எலும்பு முறிந்திருந்தால், நான் இன்றைக்கு அவருக்கு மாலை போட்டிருப்பேன். அந்த நொடியில் அது கடமை. அது முடிந்து இரண்டு நாள் கழித்து, வேறு ஊரில், இருட்டில், வேறு ஒருவனை வெட்டப் போவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ரெண்டுக்கும் வன்முறை என்று ஒரே பெயர் வைத்திருப்பதால்தான் குழம்புகிறோம். தற்காத்தவனை ரவுடி என்பவர்கள் ஒரு பக்கம். பழிவாங்குபவனை வீரன் என்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பேரும் பொய் சொல்கிறார்கள்.

இன்னும் நான்கு நாளில் வெண்மணி நாள். 1968 டிசம்பர் 25. கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் விவசாயக் கூலிகள் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டார்கள், சங்கத்தை விட்டு விலக மறுத்தார்கள், அதற்குத்தான் அந்த நெருப்பு. அன்று மாலை நடந்த மோதலில் மிராசுதார் தரப்பில் ஒருவர் இறந்தார். அவரும் ஓர் உயிர்தான், அதைச் சொல்லத் தயங்கக்கூடாது. இரவில் மிராசுதார் தரப்பினர் துப்பாக்கியோடு வந்தார்கள். ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். ஓட முடியாத கிழவர்களும் பெண்களும் குழந்தைகளும் ராமையாவின் சின்னக் குடிசைக்குள் புகுந்தார்கள். வெளியே தாழிட்டுக் கொளுத்தினார்கள். 44 பேர். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. மறுநாள் அங்கே போய்விட்டுத் திரும்பிய அப்பா இரண்டு நாள் சோற்றைத் தொடவில்லை. என்ன பார்த்தீங்க என்று கேட்டோம். எத்தனை பேர் என்று எண்ண முடியவில்லை என்று மட்டும் சொன்னார்.

இப்போது என் கேள்வி. அந்த 44 பேரில் மாலை மோதலில் கம்பெடுத்தவர் எத்தனை பேர்? பால் குடிக்கும் பிள்ளை கம்பெடுத்ததா? அவர்களைக் கொளுத்தியவர்கள் தேடிப்போனது குற்றம் செய்தவனை இல்லை. அந்தத் தெருவை. 'அவனுங்கள்ல' யாராக இருந்தாலும் போதும் அவர்களுக்கும். ஆஸ்பத்திரி வராந்தாவில் நம் பிள்ளை பேசிய வார்த்தை அந்த நெருப்பு வைத்தவர்களின் வார்த்தை. அவன் வாயில் அது எப்படி வந்தது என்று எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வார்த்தையைக் கையில் எடுத்த பிறகு நம் கொடி என்ன நிறமாக இருந்தாலும் பிரயோசனமில்லை.

பழிவாங்கப் போகிற கைக்கு ஆள் மாறிப்போவது புதிதில்லை. லாலா லஜபதி ராய் மீதான தடியடிக்குப் பழிவாங்க 1928 டிசம்பர் 17இல் பகத்சிங்கும் தோழர்களும் லாகூரில் குறிவைத்தது போலீஸ் அதிகாரி ஸ்காட்டை. செத்தது சாண்டர்ஸ். துரத்தி வந்த ஏட்டு சனன் சிங்கும் செத்தார். நாம் பகத்சிங்கின் படத்தை மாட்டி வைத்திருக்கிறோம், மாட்டவும் வேண்டும். ஆனால் அடுத்த ஆண்டு ஏப்ரலில் சட்டமன்றத்தில் யாரையும் கொல்லாத குண்டை வீசிவிட்டு ஓடாமல் நின்று கைதானானே, அந்தப் பகத்சிங்கையும் பாருங்கள். தூக்குக்குச் சில வாரம் முன்பு சிறையிலிருந்து இளைஞர்களுக்கு எழுதியதில், தான் பயங்கரவாதி அல்ல என்றும், வெடிகுண்டால் பயன் விளையாது என்றும், தொழிலாளரையும் விவசாயியையும் திரட்டுவதுதான் வேலை என்றும் சொன்னானே, அதைப் படியுங்கள். இருபத்து மூன்று வயதில் அவன் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தான்.

அழித்தொழிப்பு என்று நக்சல் இயக்கத்தின் ஒரு பாதையும் இந்த நாட்டில் நடந்து பார்க்கப்பட்டது. வர்க்க எதிரியை ஒழிக்கிறோம் என்று கிளம்பியது, 1970, 71இல் கல்கத்தா தெருக்களில் போக்குவரத்துக் கான்ஸ்டபிள்களைக் குத்திக் கொல்வதில் போய் முடிந்தது. அந்தக் கான்ஸ்டபிள் எந்த நிலத்துக்கு மிராசுதார்?

இனி, எல்லோரும் என்னிடம் கேட்கக் காத்திருக்கும் கேள்வி. வெண்மணி வழக்கில் என்ன நடந்தது? நாகப்பட்டினம் நீதிமன்றம் மிராசுதார் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டவர்களுக்குப் பத்தாண்டு கொடுத்தது. உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. பெரிய நிலச்சுவான்தார்கள் தாங்களே நேரில் வந்து குடிசை கொளுத்தியிருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற பொருள்பட எழுதியது. மோதல் சாவுக்காக நம் தரப்பில் ஆயுள் தண்டனை வரை அனுபவித்தார்கள். 1980 டிசம்பரில் நக்சல் தோழர்கள் நாயுடுவைக் கொன்றார்கள். இது 'அவனுங்கள்ல ஒருத்தன்' இல்லை. நாம் குற்றவாளி என்று நம்பிய அதே ஆள். அதுவும் தப்பா?

செய்தி வந்த அன்று எனக்கு இருபத்தைந்து வயது. நான் சந்தோஷப்பட்டேன். டீக்கடையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். இதை இன்றைக்கு மறைத்தால் நான் யோக்கியன் இல்லை. இந்த இடத்தில் என் வாதம் கொஞ்சம் தடுமாறுகிறது என்பதையும் மறைக்கவில்லை. நீதிமன்றமே கைவிட்ட பிறகு 44 பேருக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டால் என்னிடம் சுலபமான பதில் கிடையாது. ஆனாலும் இத்தனை வருஷம் யோசித்தபிறகு சொல்கிறேன்: அதுவும் சரியில்லை. அன்றைக்கு அவர் யார் மீதும் கை ஓங்கி நிற்கவில்லை. அந்தக் கொலையைச் செய்யலாமா என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் கேட்கவில்லை, வெண்மணியின் உறவுகளையும் கேட்கவில்லை. அதுவரை வெண்மணி என்றால் 44 பேரைப் பற்றி மட்டும்தான் நாடு பேச வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அந்த ஒரு கொலையையும் சேர்த்துப் பேசியது. கொன்றவர்களுக்கு வயிறு எரிந்தது நிஜம். அந்த எரிச்சலை நான் மதிக்கிறேன். செயலை ஏற்கவில்லை.

அந்த நெருப்புக்குப் பிறகு இந்தப் பக்கம் வந்த இன்னொரு கூட்டம் உண்டு. காந்தியவாதிகளான கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும். நமக்கும் அவர்களுக்கும் ஆயிரம் வேறுபாடு. ஆனால் அவர்கள் இந்த மண்ணிலேயே தங்கி, நடந்து, பேசி, கடன் வாங்கி, தலித் பெண்களின் பெயரில் நிலத்தை எழுதி வாங்கினார்கள். பட்டாவில் அம்மா பெயர் இருக்கிற வீட்டுப் பிள்ளைகள் இன்றைக்கு நம் வாலிபர் சங்கத்திலேயே இருக்கிறார்கள்.

சட்டம் நமக்கு எப்போதும் கதவை மூடியேதான் வைத்திருக்கிறதா? வாச்சாத்தியைப் பாருங்கள். 1992 ஜூன் 20. சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் தர்மபுரி மாவட்டத்தின் அந்த மலையடிவாரக் கிராமத்தை நாசம் செய்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர், அத்தனை பேரும் அரசு ஊழியர்கள். அந்தப் பெண்களின் அண்ணன் தம்பிகள் ஒரு வனக்காவலரை வெட்டியிருந்தால் யார் குறை சொல்லியிருக்க முடியும்? அவர்கள் அதைச் செய்யவில்லை. மலைவாழ் மக்கள் சங்கம் கூட நின்றது. அந்தப் பெண்கள் வரிசையில் நிறுத்தப்பட்ட சீருடைகளுக்கு முன்னால் போய் நின்று, இவன்தான் என்று விரல் நீட்டி அடையாளம் காட்டினார்கள். 2011 செப்டம்பர் 29இல் தீர்ப்பு வந்தது. பத்தொன்பது வருஷம். அதற்குள் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள், மீதி 215 பேருக்கும் தண்டனை. 2023இல் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. 'அவனுங்கள்ல ஒருத்தன்' என்று அவர்கள் சொல்லவில்லை, கவனியுங்கள். 'இவன்' என்றார்கள்.

பத்தொன்பது வருஷம் காத்திருக்கச் சொல்கிறீர்களா என்று பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. எல்லாக் கதவும் மூடிய நாடும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் 1912 முதல் மனு கொடுத்தது, ஊர்வலம் போனது. 1960இல் ஷார்ப்வில்லில் 69 பேரைச் சுட்டுக் கொன்றார்கள், காங்கிரசையும் தடை செய்தார்கள். அதன் பிறகுதான் மண்டேலாவும் தோழர்களும் ஆயுதம் எடுத்தார்கள். எடுத்தபோதும் முதலில் மின்கம்பத்தையும் அரசுக் கட்டடத்தையும்தான் குறிவைத்தார்கள், உயிரை இல்லை. அப்படி இருந்தும் 1983இல் பிரிட்டோரியா சர்ச் தெருக் குண்டில் 19 பேர் செத்தார்கள், அதில் வழிப்போக்கர்களும் உண்டு. விடுதலைக்குப் பிறகு அதற்கும் அவர்கள் உண்மை ஆணையத்தின் முன் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அவ்வளவு கனமான முடிவு அது. நமக்கு ஓட்டு இருக்கிறது, சங்கம் இருக்கிறது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. கதவு பாதி திறந்திருக்கிறது, அதில் நம் காலை வைத்திருக்கிறோம். காலை எடுத்துவிட்டு அரிவாளைத் தூக்கினால் கதவு சாத்திக்கொள்ளும்.

கேஸ் வரும், ஜெயில் வரும், தெருவே காலியாகும், பெண்கள் தனியாக நிற்பார்கள் என்பதற்காக மட்டும் நான் தடுக்கவில்லை. அதெல்லாம் வரும், நிச்சயம் வரும். ஆனால் யாரும் பிடிபடாமல், ஒரு வழக்கும் வராமல் முடிந்தாலும் அது தப்பு. அந்தத் தெருவிலும் இன்றைக்கு ராத்திரி ஒரு பிள்ளை ட்யூஷன் முடித்து சைக்கிளில் வருவான். யார் வெட்டியது என்றுகூட அவனுக்குத் தெரிந்திருக்காது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இன்று ராத்திரியிலிருந்து நம் ஒவ்வொரு தெருமுனையிலும் ஆறு ஆறு பேராக முறைக்காவல். கையில் கொடிக்கம்பு, டார்ச், விசில். யாராவது அடிக்க வந்தால் விசில், எல்லோரும் வெளியே, பெண்கள் உட்பட. தடுத்து நில்லுங்கள், பின்வாங்காதீர்கள். ஓடுகிறவனைத் துரத்தாதீர்கள், முகத்தைப் படம் பிடியுங்கள்.

காலையில் முதல் வேலையாகப் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே உள்ள கடையில் சிசிடிவி பதிவைப் பத்திரப்படுத்தக் கோரி எழுத்தில் மனு கொடுங்கள். சில நாளில் பழைய பதிவு தானாக அழிந்துபோகும். எஃப்ஐஆரில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகள் சேர்ந்திருக்கின்றனவா என்று வரி வரியாகப் பாருங்கள். சாட்சிகளுக்குப் பாதுகாப்பு கேட்க அதே சட்டத்தின் 15ஏ பிரிவு இருக்கிறது. அந்த இருபது பேரின் வீட்டுக்கும் போங்கள், மிரட்ட அல்ல, சாட்சி சொல்லத் தைரியம் கொடுக்க.

அந்தத் தம்பதிக்கு இடம் வேண்டும். சாதி மறுப்புத் திருமணம் செய்வோருக்கு ஒவ்வொரு மாவட்டத்திலும் பாதுகாப்பு இல்லமும் சிறப்புப் பிரிவும் 24 மணி நேர உதவி எண்ணும் ஏற்படுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2018இல் உத்தரவிட்டிருக்கிறது. மாவட்ட ஆட்சியரிடம் அதைக் கேட்போம். அதுவரை நம் சங்க அலுவலகம்தான் அவர்கள் வீடு. 2024இல் பாளையங்கோட்டையில் ஒரு திருமணத்தை நடத்தி வைத்ததற்காக மார்க்சிஸ்ட் கட்சி அலுவலகத்தை அடித்து நொறுக்கினார்கள். நம் கண்ணாடியையும் உடைக்க வரலாம். வாசலில் நாம் இருப்போம்.

அந்தத் தெருவிலேயே நம்மோடு கூலிக்கு வருகிறவர்கள், கல்லூரியில் நம் பிள்ளைகளோடு படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் பேசும் பொறுப்பை நானே எடுத்துக்கொள்கிறேன். நாளை மத்தியானம் போகிறேன். கூட வர இரண்டு பேர் வேண்டும்.

அந்த இரண்டு வீச்சரிவாளும் இப்போது என் மேசை மேல் இருக்கின்றன. கொடுத்தது அந்த ரத்தச் சட்டைப் பிள்ளைதான். மனசில்லாமல்தான் கொடுத்தான், கண் முழுக்கத் தண்ணீர். வேறு எந்த வீட்டில் வேறு எது ஒளித்து வைத்திருந்தாலும் இன்று மாலைக்குள் அவரவர் கிளைச் செயலாளரிடம் ஒப்படையுங்கள். யார் கொடுத்தது என்று யாரும் கேட்க மாட்டோம்.

இரவு எட்டு மணிக்கு எல்லோரும் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். முறைக்காவல் பட்டியலில் முதல் பெயராக என் பெயரைப் போட்டிருக்கிறேன். 25ஆம் தேதி காலை ஆறு மணிக்கு வெண்மணிக்கு வேன் கிளம்பும். அந்த ஆறு பிள்ளைகளுக்கும் முன் இருக்கையில் இடம் வைத்திருக்கிறேன். அவர்களை யாராவது கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.